பதினேழாவது பெண்

ஹைதராபாத்
12 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவின் இருமலுக்கு வாங்கிக் கொடுத்த மருந்து இந்நேரம் தீர்ந்திருக்கும். ஆம்பூரில் அதே கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

போன் இருக்கிற காலத்தில் இவனுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். உன் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். துத்திப்பட்டில் பாதித் தெரு நம் கதையைக் கேட்கிறது. பண விஷயத்தை அப்படிப் பேச முடியுமா?

என் ஆராய்ச்சி உனக்குத் தெரியும். ஷூ கம்பெனிப் பெண்கள் எப்படிச் சேமிக்கிறார்கள், அந்தச் சேமிப்பை எப்போது உடைக்கிறார்கள் என்பதுதான். கோடை விடுமுறையில் பதினாறு பெண்களிடம் பேசினேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் பல வருடம் பார்த்த வேலையை விட்டு, பி.எஃப். பணத்தை எடுத்துவிட்டு, வேறு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். உன் பக்கத்து மிஷின் ஹலீமா பீ அக்கா "அது அப்டித்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்தே போய்விட்டார். என்னிடம் சொல்லாததை உன்னிடம் சொல்வார்கள். கேட்டு, உன் கையாலேயே எழுதி அனுப்பு. என் பேராசிரியரிடம் காட்ட வேண்டும்.

பட்டம் முடிந்ததும் கல்லூரி வேலை. முதல் சம்பளத்தில் உனக்கு இரண்டு தையல் மிஷின். அதன்பிறகு நீ யாருக்கும் கை கட்டி நிற்க வேண்டாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தம்பி,
ஜோசுவா


துத்திப்பட்டு
9 ஜூலை 2023

அருமைத் தம்பி ஜோசுவாவுக்கு அக்கா மெர்சி எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா? போனில் உன் குரல் கம்மியாகக் கேட்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயைக் குடித்தே நாளை ஓட்டுகிறாயா?

ஏன் சிரித்தார்கள் என்றா கேட்கிறாய்? நீ பேனாவும் நோட்டுமாகப் போய் நின்றால் சென்சஸ்காரன் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

சாப்பாட்டு நேரத்தில் ஹலீமாவிடம் கேட்டேன். கையில் இருந்த சோற்றைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னா மெர்சி, இவ்ளோ படிச்சும் உன் தம்பிக்கு இது தெரியாதா? பத்து வருஷம் ஆய்ட்டா பென்ஷன் துட்டு உள்ளயே மாட்டிக்கும். ஒன்பதரைக்குள்ள வேலைய வுட்டாத்தான் மொத்தமா கைக்கு வரும். பென்ஷன் அம்பத்தெட்டு வயசுல வரும். என் பொண்ணு நிக்காஹும் அதுவரைக்கும் நிக்குமா?"

இதுதான் விஷயம். வேலையை விட்டபின் இரண்டு மாசம் எந்தக் கம்பெனியிலும் சேராமல் இருந்தால்தான் பணம் வரும். பிறகு வேறு இடத்தில் புது ஆளாகச் சேர வேண்டும். புது ஆளுக்குச் சம்பளம் கம்மி, வசவு ஜாஸ்தி. இ.எஸ்.ஐ. வைத்தியமும் முதலிலிருந்து. பெரிய ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுக்கச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருக்க வேண்டுமாம்.

எனக்கு இந்த மாசத்தோடு ஒன்பது வருஷம். நான் விடமாட்டேன்டா. பத்தை முடித்து பென்ஷனை உறுதி பண்ணிக்கொண்டுதான் மறுவேலை. கல்யாணம், கல்யாணம் என்று பிய்த்தெடுக்கிற சபை அம்மாக்களிடமும் அதைத்தான் சொன்னேன். புருஷன் ஓடிப்போவான், பென்ஷன் ஓடாது.

வெயிலில் அலையாதே. தலைக்கு எண்ணெய் வை.

அக்கா மெர்சி


ஹைதராபாத்
24 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். உன் கடிதத்தைப் பேராசிரியர் இரண்டு முறை படித்தார். ஒன்பதரை வருடக் கணக்கை ஒரு அத்தியாயமாகவே எழுதச் சொல்லிவிட்டார். உனக்குத்தான் நன்றி.

இங்கே மாணவர்களுக்குப் பண நிர்வாகம் பற்றி இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். உனக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் தனியாக வைக்க வேண்டும். காப்பீட்டை நோய் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டும். காப்பீடு நடைமுறைக்கு வருவதற்கு முன் டாக்டரிடம் போய்ப் பதிவாகிவிட்டால், 'பழைய நோய்' என்று ஒதுக்கிவிடுவார்கள், பிறகு ஒரு பைசா பெயராது. இதை மறக்காதே.

எனக்கு வர வேண்டிய உதவித்தொகை எட்டு மாதமாக வரவில்லை. யாருக்குமே வரவில்லை. டெல்லியில் ஏதோ கோப்பு நகரவில்லையாம். அறை நண்பன் மெஸ்ஸில் இரண்டு சப்பாத்தி அதிகம் வாங்கிவருகிறான், பிரச்சினை இல்லை. பதிவுக் கட்டணமும் விடுதிப் பாக்கியும்தான் நிற்கின்றன. அபராதத்தோடு ஜனவரி பத்து வரை கட்டலாம். கட்டாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். இதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம். மனசு ஆறுவதற்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொல்லாதே.

அன்புடன்,
ஜோசுவா


துத்திப்பட்டு
15 அக்டோபர் 2023

தம்பிக்கு அக்காவின் அன்பு. இங்கே எல்லாரும் சுகம். அப்பா இருமிக்கொண்டே ஊர் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறார்.

மனசு ஆறச் சொன்னானாம்! எட்டு மாசம் எவனோ வாங்கிவரும் சப்பாத்தியில் வாழ்ந்துவிட்டு, எனக்கு ஆறு மாசப் பணத்தைத் தனியாக வை என்று பாடம் எடுக்கிறாய். அடப்பாவி, அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? படிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹலீமாவிடம் மிஷின் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

கேள். எனக்குச் சீட்டுப் பணம் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் விழும். வந்த அன்றே அனுப்பிவிடுகிறேன். ஜனவரி பத்துக்குள் வந்துவிடும். பெயரை மட்டும் நீக்கவிடாதே. நம் தெருவில் கவுஸ் பாஷா பையன் இன்ஜினீயர் ஆனதற்கே பேனர் வைத்தார்கள். உனக்கு நான் பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்திலேயே வைப்பேன்.

இனிமேல் கடிதத்தைக் கம்பெனி விலாசத்துக்குப் போடாதே. புதிதாக வந்திருக்கிற சூபர்வைசர் ஒரு மாதிரி. ஹலீமா வீட்டு விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன், அதற்குப் போடு.

நேரத்துக்குச் சாப்பிடு. காசில்லை என்று பட்டினி கிடந்தாய் என்று தெரிந்தால் ரயிலேறி வந்து அடிப்பேன்.

அக்கா


ஹைதராபாத்
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். உன்னுடைய, அப்பாவுடைய உடல்நலத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். பணம் ஜனவரி மூன்றாம் தேதியே வந்துவிட்டது. கட்டணம் முழுவதும் கட்டிவிட்டேன். ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு அலுவலகப் படியிலேயே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன். சீட்டில் இவ்வளவு பெரிய தொகை விழுமா என்று ஆச்சரியமாக இருக்கிறது. எத்தனை மாதம் கட்டினாய்? உதவித்தொகை வந்ததும் முதல் வேலையாகத் திருப்பிவிடுவேன்.

ஒரு உதவி. ஹலீமா பீ அக்கா வேலையை விட்டது பழைய கதை. சமீபத்தில் விட்ட ஒரு பெண் இருந்தால் அத்தியாயம் வலுவாகும். விட்டு, பணம் எடுத்து, மறுபடி சேர்ந்தது வரைக்கும் ஒருவர் விடாமல் சொன்னால் போதும். பட்டியலில் அவர் பதினேழாவது பெண். உங்கள் லைனில் யாராவது இருக்கிறார்களா?

உன் தம்பி,
ஜோசுவா


துத்திப்பட்டு
10 மார்ச் 2024

தம்பிக்கு, அக்கா எழுதியது. இந்த ஊர் வெயில் மார்ச்சிலேயே மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி சுகம். கடிதம் தாமதம் என்று கோபித்துக்கொள்ளாதே, வேலை ஜாஸ்தி.

நீ கேட்ட மாதிரி ஒருத்தி இருக்கிறாள். பேர் போடாதே, அவளுக்கு வெட்கம். முப்பத்தொரு வயசு, கல்யாணம் ஆகவில்லை. பத்து வருஷம் முடிப்பேன் என்று எல்லாரிடமும் பெருமை பேசிக்கொண்டிருந்தவள். ஒன்பதே கால் வருஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். காரணம் என்ன என்று உன் தாளில் ஒரு கட்டம் இருக்குமே, அதில் 'வீட்டில் ஒருத்தர் படிப்பு' என்று போட்டுக்கொள். மேனேஜர் கூப்பிட்டு, "இன்னும் ஒன்பது மாசம் பல்ல கடிச்சிக்கிட்டு இரும்மா, பென்ஷன் கெடைக்கும்" என்றாராம். இவள், "அதுவரைக்கும் அங்க பேரை வெச்சிருக்க மாட்டாங்க சார்" என்று சொன்னாளாம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த இரண்டு மாசமும் கேரேஜ் மாதிரி ஒரு இடத்தில் ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்தோல் தைத்தாள். பிப்ரவரியில் மாதனூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். புது ஆள் என்பதால் அவளைவிடப் பத்து வயசு சின்னப் பெண் அவளை "ஏய்" என்று கூப்பிடுகிறாள். அதுதான் அவளுக்குப் பேஜார். பணம் போனதைவிட அதுதான் சுடுகிறதாம்.

போதுமா? எனக்கு இடது கை கொஞ்சம் வலிக்கிறது. இங்கே மிஷின் உயரம் வேறு. சரியாகிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஹைதராபாத்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கைவலிக்குத் தைலம் தடவு.

நல்ல செய்தி. பதினேழாவது பெண்ணை வைத்து ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. டெல்லியிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் அதை எழுதி அனுப்பச் சொன்னார். நிதி அறியாமையும் குறுகிய நோக்கும் எப்படி ஒரு தொழிலாளியின் முதுமையைப் பறிக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்றார். ஒன்பது மாதம் பொறுத்திருந்தால் ஆயுள் முழுக்கப் பென்ஷன்! அந்தக் கணக்கைக்கூட அவளால் போட முடியவில்லை பார்.

அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று விசாரித்து எழுது. தொடர்ந்து கவனித்தால் கட்டுரை முழுமையாகும்.

உன் ஜோசுவா


துத்திப்பட்டு
12 மே 2024

தம்பி ஜோசுவாவுக்கு,

அப்பா சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

அறியாமை என்று எழுதினாயாமே. உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் எடுக்கவே இல்லை. அவளுக்குக் கணக்குத் தெரியாது என்று உனக்கு யார் சொன்னது? உன்னைவிட நன்றாகத் தெரியும். விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தாள். படித்தவர்கள் கைதட்டினார்களாம். நன்றாகத் தட்டட்டும்.

எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய், சொல்கிறேன். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. இடது பக்கம். முதலில் கொட்டைப் பாக்கு அளவு இருந்தது. இப்போது கை தூக்கினால் அக்குளில் இழுக்கிறது. டாக்டரிடம் காட்டவில்லை. ஆகஸ்ட் வந்தால்தான் சேர்ந்து ஆறு மாசம் ஆகும், பெரிய ஆபரேஷனுக்கு இ.எஸ்.ஐ. எழுதிக் கொடுக்கும். அதற்கு முன்னால் போய்க் காட்டினால் பழைய நோய் என்று பதிவாகிவிடும், அப்புறம் ஒரு பைசா பெயராது. நீதானே எழுதினாய்? நான்தான் உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதனால் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் நாலு நாள் லீவு ஆகும். புது ஆள் லீவு போட்டால் பேரை எடுத்துவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து ஆறு மாசம்.

நீ எழுதினது இ.எஸ்.ஐ.க்கும் பொருந்துமா, தம்பி? அதை மட்டும் யாரிடமாவது நன்றாகக் கேட்டு, சீக்கிரம் எழுது. அவளுக்குப் பயமாக இருக்கிறது.

மெர்சி


ஹைதராபாத்
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. கட்டுரையைத் திருத்தி அனுப்பும் வேலையில் மூழ்கிவிட்டேன். நீயும் அப்பாவும் நலம்தானே?

அந்தப் பெண்ணின் கதை மனசைப் பிசைகிறது. காப்பீட்டுக்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது பற்றி யாருமே எழுதியதில்லை என்று பேராசிரியர் சொன்னார். அவள் எப்போது கட்டியை முதலில் பார்த்தாள், யாரிடம் சொன்னாள் என்பதை மாதவாரியாகக் குறித்து வை.

நான் எழுதியது தனியார் காப்பீட்டைப் பற்றி. இ.எஸ்.ஐ.க்கு அது பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. விசாரித்து எழுதுகிறேன்.

உன் ஜோசுவா


ஹைதராபாத்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் பதிலே இல்லை? ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் நீ சபைக்குப் போயிருக்கிறாய், தூங்குகிறாய் என்று அப்பா சொல்கிறார். என் மேல் ஏதாவது கோபமா? உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அக்கா, உதவித்தொகை வந்துவிட்டது! பாக்கி முழுவதும் ஒரே நாளில். உன் சீட்டுப் பணத்தை இந்த வாரமே போட்டுவிடுகிறேன். மிஷின் வாங்கவும் பணம் எடுத்து வைத்துவிட்டேன். மீதியில் உனக்கென்று ஆறு மாதப் பணம் தனியாக வைக்கப்போகிறேன். டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பெண் விஷயமாக விசாரிக்க மறந்தே போய்விட்டேன். ஆகஸ்ட் முடிந்துவிட்டதே, அவள் போய்க் காட்டினாளா?

உன் ஜோசுவா


ஆம்பூர்
15 செப்டம்பர் 2024

ஜோசுவா தம்பிக்கு ஹலீமா பீ சலாம் சொல்லி எழுதிக்கிறது. நீ நல்லா இருக்கியா? அல்லா உன்னை நல்லா வைக்கணும். போன்ல சொன்னா அழுதுடுவேன். அதனால என் பொண்ணு அஜீஸுன்னிசாவை விட்டு எழுதச் சொல்றேன். நான் சொல்லச் சொல்ல அவ எழுதுறா.

தம்பி, உன் அக்காவுக்கு எந்தச் சீட்டும் விழல. போன வருஷம் அக்டோபர்லயே வேலைய வுட்டுட்டா. ஒன்பதே கால் வருஷத்துல வுட்டவ அவதான். நீ பதினேழுன்னு நம்பர் போட்டு மேடையில படிச்சியே, அது மெர்சிதான். கட்டியும் மெர்சிக்குத்தான்.

எனக்கே மே மாசம்தான் தெரியும். "காட்டுடி, காட்டுடி"ன்னு தலையில அடிச்சிக்கிட்டேன். "தம்பிகிட்ட கேட்டு எழுதியிருக்கேன், அவன் படிச்சவன், சொல்லட்டும்"னா. தினமும் சாயங்காலம் வேலை வுட்டு வந்து எங்க வாசல்ல நின்னு, "லெட்டர் வந்துச்சா?"ன்னு கேப்பா. ஜூலைல உன் லெட்டர் வந்துச்சு. நின்னுக்கிட்டே படிச்சா. "விசாரிச்சு எழுதுறேன்னு சொல்லியிருக்கான், ஹலீமா"ன்னு சிரிச்சா. அதுக்கப்புறமும் தினம் வந்து கேட்டா தம்பி. நான் இன்னா சொல்லுவேன்?

ஆகஸ்ட் பொறந்ததும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கோவிச்சுக்கிட்டார். "பழைய நோய், புது நோயெல்லாம் இங்க கிடையாதும்மா. மொத நாளே வந்திருந்தா நாங்களே வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போமே, யாரும்மா உனக்கு இப்படிச் சொன்னது?"ன்னு கேட்டார். அவ என்னைப் பார்த்தா. முதுகெலும்பு வரைக்கும் போய்டுச்சாம்.

சொல்லக்கூடாதுன்னு பைபிள் மேல கை வெச்சு அவ சத்தியம் வாங்கினா. நான் அந்த சத்தியத்தை மீறிட்டேன். நீ கெளம்பி வா.

ஹலீமா பீ


துத்திப்பட்டு
17 நவம்பர் 2024

தம்பி ஜோசுவாவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக அப்பா சொன்னார். ரயிலில் சாப்பிட்டாயா? கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை அப்படியே வைத்திருந்து ஊசிப்போக விட்டிருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு? அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. என்னைப் பற்றி நீயே கண்ணால் பார்த்துவிட்டுத்தானே போனாய். ஊசி போட்டால் இரண்டு நாள் வாந்தி, அப்புறம் இப்படி எழுதுகிற அளவுக்குத் தெம்பு வருகிறது. இந்த இரண்டு பக்கத்தை எழுத நாலு நாள் ஆகிறது.

நீ இருந்த நாளெல்லாம் என் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாய். ஒன்றும் பேசவிடவில்லை. அதனால்தான் போ, போய்ப் படிப்பை முடி என்று துரத்தினேன். இப்போது சொல்கிறேன், கேள்.

எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பணம் கொடுத்ததற்கு இல்லை, இன்னொரு தரம் கேட்டாலும் கொடுப்பேன். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அங்கே ஏதாவது ஒரு இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் போய்க் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கும். யாரோ ஒருத்திதானே என்று விட்டுவிட்டாய். யாரோ ஒருத்தியாக இருந்தால் மட்டும் விடலாமா? அவளுக்கும் ஒரு வாசல் இருக்கும், அங்கே யாராவது கடிதம் வந்ததா என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நானும் மறைத்தேன், என் மேலும் தப்புதான். உன் படிப்பு கெட்டுவிடும் என்று பயந்தேன்.

அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்றாயே, கிழித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒன்பது வருஷத்தைக் கொடுத்து வாங்கினது அது. ஆனால் அறியாமை என்கிற சொல்லை எடுத்துவிடு. அந்த இடத்தில் என்ன போடுவது என்று நீயே யோசி. காரணக் கட்டத்தில் 'வீட்டில் ஒருத்தர் படிப்பு' என்று இருக்கும், அதைத் 'தம்பி படிப்பு' என்று மாற்று. மார்ச்சில் பேர் போடாதே என்றேன். இப்போது போடு. மெர்சி தேவசகாயம், முழுப் பேராகப் போடு. இனிமேல் எனக்கு என்ன வெட்கம்?

மிஷின் வாங்காதே. அந்தப் பணம் அப்பாவுக்கு இருக்கட்டும். மாதனூர் கம்பெனியில் என் லைனில் இரண்டு பெண்கள் ஒன்பது வருஷத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன், எழுதுவார்கள்.

ஆய்வேட்டைக் கொடுத்ததும், பேர் போட்ட அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு நகல் எடுத்து அனுப்பு. பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

இந்தத் தடவை பதில் சீக்கிரம் போடு, தம்பி.

உன் அக்கா,
மெர்சி